குறைந்த வருமானக் குடும்பங்களில் குழந்தைப் பருவ உடற்பருமன் தடுப்பு

குழந்தையின் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற அளவைவிட உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்து, அதனால் உடல்நலம் பாதிக்கப்படும் நிலை குழந்தைப் பருவ உடற்பருமன் எனப்படுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் சிக்கல் என்றே இது நெடுங்காலம் கருதப்பட்டது. உலகின் பல நாடுகளில் இன்று நிலைமை தலைகீழாக உள்ளது. இங்கிலாந்தில் பள்ளிக் குழந்தைகளை ஆண்டுதோறும் எடைபோட்டுப் பதிவு செய்யும் அரசுத் திட்டத்தின் 2022–23 கணக்குப்படி, 10–11 வயதுப் பிள்ளைகளில் மிகவும் பின்தங்கிய பகுதிகளில் வாழ்வோரில் 30.2 சதவீதத்தினருக்கு உடற்பருமன் இருந்தது. மிகவும் வசதியான பகுதிகளில் அது 13.1 சதவீதம் மட்டுமே.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்தனர். அவர்களுள் 16 கோடிப் பேருக்கு உடற்பருமன் இருந்தது. 2025-ல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, இந்த வயதினரிடையே உடற்பருமன் உள்ளவர்களின் விகிதம் (9.4%) எடை குறைந்தவர்களின் விகிதத்தை (9.2%) முதன்முறையாகத் தாண்டிவிட்டதாகக் கூறியது.

இந்தியா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இங்கே ஊட்டக்குறைவே பெரிய சிக்கல். அதிக எடையும் வசதியான குடும்பங்களில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் திசை தெளிவாகத் தெரிகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடையுள்ளோர் 2015–16-ல் 2.1 சதவீதமாக இருந்து 2019–21-ல் 3.4 சதவீதமாயினர். தமிழ்நாட்டில் இது 4.3 சதவீதம். அதே ஆய்வில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர், பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடையுடன் இருந்தனர். வளர்ச்சி குன்றிய குழந்தையும் எடை மிகுந்த தாயும் ஒரே வீட்டில் இருக்கவும் கூடும் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. இதை ஊட்டச்சத்துத் துறையினர் ஊட்டக்கேட்டின் இரட்டைச் சுமை என்கின்றனர்.

அளவிடும் முறை

பெரியவர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) ஒன்றே போதும். குழந்தைக்கு அது வயதுக்கு வயது மாறும். எனவே 5 முதல் 19 வயது வரை, அதே வயதும் பாலினமும் உள்ள குழந்தைகளுக்கான நடு அளவிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு மேல் இருந்தால் அதிக எடை, இரண்டுக்கு மேல் இருந்தால் உடற்பருமன் என உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது. 5 வயதுக்குட்பட்டோருக்கு உயரத்துக்கேற்ற எடை பார்க்கப்படுகிறது. அங்கே இரண்டு திட்ட விலக்கத்துக்கு மேல் அதிக எடை, மூன்றுக்கு மேல் உடற்பருமன். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் வரம்புகளை இன்னும் தாழ்வாக, வயதுவந்தோரின் 23, 27 ஆகிய சுட்டெண்களுக்கு ஈடாக வைத்துள்ளன.

ஏழைக் குழந்தைகளைப் பொறுத்தவரை இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அங்கன்வாடிகளில் வழக்கமாகப் பயன்படும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வண்ண அட்டை, வயதுக்கேற்ற எடையைக் காட்டுவது. எடை குறைந்த குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். 4 வயதுச் சிறுவன் ஒருவன் 94 செ.மீ. உயரமும் 17 கிலோ எடையும் உடையவன் என்று கொள்வோம். அவன் வயதுக்கு 17 கிலோ இயல்பானதே. அட்டையில் பச்சைப் பகுதியில் இருப்பான். ஆனால் அவன் வயதுக்கு 94 செ.மீ. மிகக் குறைந்த உயரம். அந்த உயரத்துக்கு 17 கிலோ அதிக எடை. ஒரே குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவும் அதிக எடையும் சேர்ந்திருக்க, அட்டை இரண்டையும் மறைத்துவிடுகிறது. உயரத்தையும் அளந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது தெரியவரும். தடுப்புப் பணியில் செலவே இல்லாத முதல் படி இதுதான்.

வறுமையிலிருந்து எடை எப்படி வருகிறது

இதன் வேர் கருப்பையிலேயே தொடங்குகிறது. புனே அருகிலுள்ள சிற்றூர்களில் மருத்துவர் சி. எஸ். யாக்னிக் குழுவினர் நடத்திய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு, அங்கே பிறக்கும் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைந்திருந்தாலும், தசை குறைந்த அளவுக்கு அவர்களின் உடற்கொழுப்பு குறையவில்லை என்று காட்டியது. பார்வைக்கு மெலிந்த, உள்ளே கொழுப்பு மிகுந்த குழந்தை. கருவில் உணவு போதாதபோது மூளையையும் கொழுப்பையும் காத்துக்கொண்டு தசையை விட்டுக்கொடுக்கும் உடல் அது. பின்னாளில் மலிவான கலோரிகள் தாராளமாகக் கிடைக்கும்போது, அந்த உடல் அவற்றைக் கொழுப்பாகச் சேர்ப்பதில் முந்திக்கொள்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தையை ‘தேற்றுவதற்காக’ அவசரமாக மாவும் சர்க்கரையும் ஊட்டுவது இந்தக் காரணத்தால் இருமடங்கு ஆபத்தானது.

அடுத்தது பணக் கணக்கு. குறைந்த காசில் வயிற்றை நிறைக்க வேண்டியவர்கள், ஒரு ரூபாய்க்கு எத்தனை கலோரி என்று வாய்விட்டுக் கணக்கிடுவதில்லை. ஆனால் அவர்கள் வாங்கும் பொருள்கள் அந்தக் கணக்கின்படியே அமைகின்றன. அரிசி, மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகியவை அந்தக் கணக்கில் முதலிடம் பெறும். கீரை, காய், பழம், முட்டை, மீன் பின்தங்கும். தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை 2011 முதல் அரிசியை விலையில்லாமல் தருகிறது. சர்க்கரையும் பாமாயிலும் துவரம்பருப்பும் சந்தை விலையைவிட மிகக் குறைவான விலைக்குக் கிடைக்கின்றன. பசியை ஒழித்ததில் இந்த ஏற்பாட்டின் பங்கு மிகப் பெரியது. அதைக் குறைசொல்ல இடமில்லை. எனினும் அரசு மானியம் தரும் பொருள்களின் பட்டியலில் பருப்பைத் தவிர மற்றவை மாவும் சர்க்கரையும் எண்ணெயுமாகவே உள்ளன என்பதும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, 5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலம். நகரக் குடியிருப்புகளிலும் சிற்றூர்களிலும் ஒவ்வொரு பெட்டிக்கடை வாசலிலும் சரமாகத் தொங்கும் இந்தப் பொட்டலங்கள், தினக்கூலிக் குடும்பத்தின் கையிருப்புக்கு ஏற்றவாறு திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை. ஒரு பொட்டலத்தில் கலோரி அதிகமில்லை. ஆனால் அது நாளுக்கு ஒன்றோடு நிற்பதில்லை. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையின் கையில் கொடுத்துச் செல்லும் பத்து ரூபாய், அவள் உடனில்லாத நேரத்துக்கு ஈடாகத் தரும் அன்பு. கேட்டதெல்லாம் வாங்கித் தர முடியாத வீட்டில், ‘இல்லை’ என்று சொல்லத் தேவையில்லாத ஒரே பொருள் இந்தப் பொட்டலம்தான். உணவு அறிவுரை வழங்குவோர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது.

இவற்றோடு காலை வேளையும் சேர்கிறது. விடியற்காலையில் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ புறப்படும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்குக் காலை உணவு டீயும் பிஸ்கட்டும், அல்லது டீயும் பன்னும்தான். ஒரு குவளை டீயில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 8 கிராம். மாலையில் இன்னொரு குவளை. 250 மி.லி. இனிப்புக் குளிர்பானப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 1,400 கலோரி தேவைப்படும் சிறு குழந்தைக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு 35 கிராம். இரண்டு டீயும் ஒரு குளிர்பானமும் அதைத் தாண்டிவிடும். பிஸ்கட் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஓடியாடும் இடமும் சுருங்கிவிட்டது. ஒற்றை அறை வீடு, வண்டிகள் விரையும் தெரு, அடுக்குமாடி மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஆகியவற்றில் வளரும் பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்திருக்கப் பெற்றோருக்குத் தெரிந்த எளிய வழி, கதவைப் பூட்டி கைப்பேசியைக் கொடுப்பது. பெண் குழந்தைக்கு இது இன்னும் கடுமை. பூப்படைந்த பிறகு தெருவில் விளையாடுவது நின்றுபோகிறது. அதே சமயத்தில் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று சிறப்பு உணவும் தொடங்குகிறது. உளுந்தங்களியில் தவறில்லை; அதைத் தின்ற பெண் மறுநாள் முதல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்தான் தவறு.

கருவிலிருந்து இரண்டு வயது வரை

தடுப்பு மிகுந்த பயன் தருவது இந்தக் காலத்தில்தான். கருவுற்ற தாய்க்கு நல்ல உணவு, இரத்தசோகைத் தடுப்பு, கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை ஆகியவை குழந்தையின் பிற்கால எடையையும் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைத் தவணைகளாக வழங்குகிறது. அந்தப் பணம் பிரசவத்துக்குப் பின் தாய் சில மாதங்களாவது கூலி வேலைக்குப் போகாமல் இருக்கப் பயன்பட்டால், தாய்ப்பால் நிலைக்கும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற விதிக்கும் உடற்பருமனுக்கும் உள்ள தொடர்பு, சுவரொட்டிகள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. ஆய்வுகள் காட்டும் பாதுகாப்பு மிதமானதே. ஆனால் புட்டிப்பாலில் வேறொரு சிக்கல் உண்டு: மார்பில் பால் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் தானே விட்டுவிடும், புட்டியில் மிச்சமிருப்பதைக் கண்ட பெரியவர்கள் அதையும் ஊட்டி முடிப்பார்கள். போதும் என்று உணரும் ஆற்றல் அங்கேயே மழுங்கத் தொடங்குகிறது. தாய்ப்பால் மாற்றுப் பொருள்களுக்கு விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு. அங்கன்வாடி தரும் சத்துமாவு, குழைந்த பருப்புச் சாதம், மசித்த கீரை, வேகவைத்த முட்டை, நேந்திரமோ பூவனோ ஒரு துண்டு ஆகியவை போதும். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது இனிப்புக்கு நாக்கைப் பழக்குவதைத் தவிர வேறு நன்மை செய்வதில்லை. டப்பாவில் வரும் மால்ட் கலவைப் பொடிகளுக்கும் இதே நிலைதான். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு, இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை என்பதே காரணம். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து அந்த டப்பாவை வாங்கும் குடும்பங்கள், அதே பணத்துக்கு அதிக முட்டையும் பொட்டுக்கடலையும் வாங்கலாம்.

கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்ற எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பஞ்சத்தையும் பட்டினியையும் கண்ட தலைமுறைப் பாட்டிகளுக்கு, குழந்தையின் உடலில் உள்ள சதை ஒரு காப்பீடு. காய்ச்சல் வந்தால் தாங்கும் என்பது அவர்களின் அனுபவம். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதால் பயனில்லை. எடை ஏறும் வேகத்தை அட்டையில் காட்டி, உயரம் அதனோடு ஏறவில்லை என்பதை விளக்கும் கிராமச் செவிலியரின் சொல் அங்கே எடுபடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

செலவைக் கூட்டாத மாற்றங்களே குறைந்த வருமானக் குடும்பங்களில் நிலைக்கும். அவற்றுள் மிகுந்த பயனுள்ளது பானத்தை மாற்றுவது. குளிர்பானத்துக்கும் பொட்டல ஜூசுக்கும் பதில் தண்ணீர், நீர்மோர், கம்மங்கூழ். டீயிலிருந்து சர்க்கரையை ஒரேயடியாக நீக்கினால் பிள்ளை குடிக்காது. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்தால் நாக்கு அறியாமலே பழகிவிடும். குழந்தைக்கு டீயே வேண்டாம் என்பது இன்னும் நல்லது. உணவோடு சேர்ந்த டீ இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும்.

தீனியை நிறுத்தச் சொல்வதைவிட மாற்றச் சொல்வதே நடைமுறை. 5 அல்லது 10 ரூபாய்க்குக் கிடைக்கும் வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை, சுண்டல், பொரிகடலை ஆகியவை பொட்டலத் தீனிக்கு ஈடான விலையில் புரதமும் நார்ச்சத்தும் தருபவை. தட்டில் சோற்றின் அளவைக் குறைத்தால் பசி தீராது என்ற அச்சம் நியாயமானதே. சோறு குறைந்த இடத்தில் பருப்பும் கீரையும் வந்தால்தான் அது தீரும். முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி போன்றவை பல இடங்களில் காசில்லாமலோ சில ரூபாய்க்கோ கிடைப்பவை. 1999-ல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகளில் கடைசி நேரத்தில் காய்களை விலை குறைத்துத் தருவது வழக்கம். வேலை முடிந்து திரும்புவோருக்கு அந்த நேரம் ஒத்துவராது என்பது வேறு.

தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்தபடி ஊட்டப்படும் குழந்தை அளவறியாமல் உண்ணும். 2 முதல் 4 வயது வரை திரைநேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. இதற்குப் பணம் கட்டிச் சேரும் பயிற்சி தேவையில்லை. நொண்டி, கோகோ, கபடி, கயிறு தாண்டுதல், பள்ளிக்கு நடந்து செல்லுதல் எதுவும் போதும். தூக்கமும் இதில் அடங்கும். ஒரே அறையில் எல்லாரும் உறங்கும் வீட்டில் இரவு பதினொரு மணி வரை தொலைக்காட்சி ஓடினால் குழந்தையும் விழித்திருக்கும். உறக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் பசி கூடும்.

பள்ளியின் பங்கு

காமராசர் ஆட்சியில் 1956-ல் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிவடைந்த மதிய உணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் பசியைப் போக்க வந்தவை. உடற்பருமன் தடுப்பிலும் அவற்றுக்கு இடமுண்டு. பள்ளியில் சூடான உப்புமாவோ கிச்சடியோ சாம்பாருடன் உண்ட பிள்ளைக்கு, பத்தரை மணி இடைவேளையில் பெட்டிக்கடைக்கு ஓடத் தேவை குறைவு. மதிய உணவில் வரும் முட்டை பல வீடுகளில் அன்றைய ஒரே நல்ல புரதம். காய்கறியின் அளவு இதில் கூடினால் பயன் மேலும் கூடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. பள்ளி வாசலைப் பார்த்த எவருக்கும் இந்த விதியின் நிலை தெரியும். அங்கே கடை வைத்திருப்பவரும் ஏழையே என்பதால், அவரை விரட்டுவதைவிட அதே கடையில் சுண்டலும் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்க வழிசெய்வது நீடிக்கும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-ல் தன் பள்ளிகளில், உணவுப் பொருள்களில் உள்ள சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்கப் பணித்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது மாநில அரசுப் பள்ளிகளில்.

உடற்கல்வி வகுப்பைத் தேர்வுக் காலத்தில் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவது பரவலான வழக்கம். வீட்டருகே விளையாட இடமில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மணிநேரமே வாரத்தின் விளையாட்டு.

அரசின் கொள்கை

குடும்பத்தின் மன உறுதியை மட்டும் நம்பிய திட்டங்கள் எங்கும் பெரிதாக வென்றதில்லை. விலையையும் கிடைக்கும் பொருளையும் மாற்றிய நாடுகளில்தான் ஏழைகளிடம் மாற்றம் அளக்கும்படி தெரிந்தது. மெக்சிகோ 2014 சனவரியில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதல் ஆண்டில் அவற்றின் கொள்முதல் சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. வருமானம் குறைந்த வீடுகளில் 9 சதவீதம். சிலி 2016-ல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. அவற்றைப் பள்ளியில் விற்பதையும் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும் முத்திரை அது.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்றே அமைந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உள்ளது. கருவுற்ற தாய்மார்களுக்கும் 5 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் உணவு வழங்கும் ‘விக்’ என்னும் திட்டம், 2009-ல் தன் உணவுப் பட்டியலை மாற்றியது. பழச்சாறு குறைக்கப்பட்டது, முழுத் தானியமும், காய்பழம் வாங்கத் தனிச் சீட்டும் சேர்க்கப்பட்டன. அத்திட்டத்தில் உள்ள 2–4 வயதுக் குழந்தைகளிடையே உடற்பருமன் 2010-ல் 15.9 சதவீதமாக இருந்து 2016-ல் 13.9 சதவீதமாகக் குறைந்தது. இந்தக் குறைவு முழுவதற்கும் பட்டியல் மாற்றமே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், நியாயவிலைக் கடை வலைப்பின்னல் உள்ள ஒரு மாநிலம் கூர்ந்து பார்க்க வேண்டிய செய்தி இது.

இந்தியாவில் முன்பக்க முத்திரை குறித்த பேச்சு நீண்டுகொண்டே போகிறது. உணவு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. நுகர்வோர் அமைப்புகள் அதை எதிர்த்தன. பொருள் கெட்டதாயினும் அரை நட்சத்திரமாவது கிடைத்துவிடும் என்பது அவர்களின் வாதம். வரியில் இரு வேறு திசைகள் தெரிகின்றன. சர்க்கரை சேர்த்த காற்றடைத்த பானங்களுக்கு 40 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதமாகவும், நம்கீன் வகைகளின் வரி 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. பெட்டிக்கடைச் சரம் மேலும் மலிவாகவோ, அதே விலையில் இன்னும் கனமாகவோ ஆகும் என்பதே இதன் விளைவு.

ஏற்கெனவே எடை கூடிய குழந்தை

வளரும் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு எடையைக் குறைப்பது இலக்கன்று. எடை ஏறாமல் நிறுத்தி, உயரம் அதை எட்டிப்பிடிக்க விடுவதே இலக்கு. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி உணவு வைப்பது சிறிய வீட்டில் நடக்காத காரியம், மனத்தையும் புண்படுத்தும். மாற்றம் முழுக் குடும்பத்துக்கும் வர வேண்டும். ‘குண்டு’ என்ற பட்டப்பெயர் பள்ளியில் மட்டுமன்றி வீட்டிலும் வழங்குவது. கேலிக்குள்ளாகும் பிள்ளை விளையாட்டிலிருந்து ஒதுங்கி, தனிமையில் அதிகம் தின்னத் தொடங்கும்.

தூக்கத்தில் பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும், முழங்கால் அல்லது இடுப்பு வலியால் நொண்டி நடத்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தலும் தாகமும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தவறுதல் ஆகியவை இருந்தால் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்ட வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதை அழுக்கு என்று எண்ணி நாரும் சோப்பும் போட்டுத் தேய்க்கும் தாய்மார்கள் பலர். தேய்த்தால் அது போகாது. எடை ஏறுவது நின்று, உடற்கொழுப்பு குறையும்போது மெல்ல மங்கும்.